நாலாயிரத்து இருநூறு

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நீ விமானம் ஏறிப் பதினோரு நாள் ஆயிற்று. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. அம்மா தினமும் தபால்காரரை வழிமறித்து விசாரிக்கிறாள். அந்த மனிதர் இப்போது நம் தெருவுக்குள் வராமல் அடுத்த தெரு வழியாகப் போகிறார். உன் புண்ணியத்தில் மற்ற வீட்டுக்காரர்களுக்கும் கடிதம் வருவதில்லை.

நேற்று தொழிற்சாலையில் என் மூன்றாம் நம்பர் பிரஸைக் கப்பலேற்றத் தூக்கினார்கள். அந்த நாட்டில் அதை நிறுத்தக் குழி வெட்டிக்கொண்டிருக்கும் நீ இங்கே அதைப் பிடுங்கியதைப் பார்க்கவில்லையே என்று எழுதுகிறேன். வேலையை விட்டு அனுப்பிய இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேராவது வந்திருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எங்களை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவாம். காவலாளி கதவைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரத்தான் போனேன். கூரைத் தகடுகளைக் கழற்றியிருந்தார்கள். பத்தொன்பது வருஷமாக டியூப் லைட்டில் பார்த்த இடத்தில் வெயில் அடித்தது. இரண்டு கிரேன் சேர்ந்து இழுத்தன. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு தரை விட்டுக்கொடுத்தது. தம்பி, அது எழும்புகிறது, எழும்புகிறது, முடியவே இல்லை. நான் நின்ற பலகைக்கு மேலே தெரிந்தது பாதிதான். மீதிப் பாதி இத்தனை வருஷமும் என் காலுக்குக் கீழே இருந்திருக்கிறது. பிரேக் தகடு அடிக்கிற ஒரு இயந்திரம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்தரத்தில் எண்ணெய் சொட்டச் சொட்ட அது மெதுவாகத் திரும்பியபோது அதன் முதுகை முதல் முறையாகப் பார்த்தேன். திட்ட வந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பக்கத்தில் கேன்டீன் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

லாரி போன பிறகு குழியை எட்டிப் பார்த்தேன். நம் வீட்டை அப்படியே இறக்கி மூடிவிடலாம்.

மின் இணைப்பை எல்லாம் உன் மாமாதான் கழற்றிக் கொடுத்தார். எலக்ட்ரீஷியனாக அவருக்குக் கடைசி நாள் வேலை அது. வீட்டுக்கு வந்து, கட்டிய பெண்டாட்டி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் மின்வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், எழுதிப் போட்டிருக்கிறார். நானும் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு மனு போட்டிருக்கிறேன். ஒரு ஷிப்டில் நாலாயிரத்து இருநூறு தகடு அடித்ததற்குக் கொடுத்தார்களே சான்றிதழ், அதை மனுவுக்கு மேலே வைத்திருக்கிறேன்.

வேளா வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்கா,

இதோ எழுதிவிட்டேன், இனித் திட்டாதே. விடுதியில் போன் கிடையாது. அலுவலகப் போன் பக்கம் போனாலே ஒருவர் எழுந்து நிற்கிறார். அதனால் இனி நமக்குள் கடிதம்தான். தபால் பத்து நாள் எடுக்கும், அம்மாவிடம் சொல்லிவை.

பிரஸை இறக்கத் துறைமுகத்துக்கு நானும் போனேன். கப்பலை முதலில் கட்டடம் என்று நினைத்துவிட்டேன், சிரிக்காதே. ஜன்னலே இல்லாத ஒரு தெரு தண்ணீரில் நிற்கிற மாதிரி இருந்தது. உன்னை வாயடைக்க வைத்ததே அந்த மூன்றாம் நம்பர், அது இந்தக் கப்பலுக்குள்ளிருந்து வெளியே வந்தபோது யாரோ மறந்துவிட்டுப் போன தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. இதைவிடப் பெரியவை நூறு அதற்குள் கிடந்தன. யாருடைய தொழிற்கூடங்களிலிருந்து பிடுங்கியவையோ. உலகத்தில் பாதி இடம் மாறிக்கொண்டிருக்கிறது அக்கா, நமக்குத்தான் தெரியவில்லை. மலைத்து நின்றவனைக் கிரேன்காரர் தட்டித்தான் நகர்த்தினார்.

இங்கே தொழிற்கூடம் புதுசு. தரையில் முகம் பார்க்கலாம். பன்னிரண்டு பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். அச்சு மாட்டுவது என் வேலை, அவர்களைப் பழக்குவதும் என் தலையில்தான். பாஷை தெரியாது. மொழிபெயர்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், பாதி நேரம் அவளைக் காணோம், கையாலேயே பேசுகிறேன். ஒருத்தி உன் வயது இருப்பாள். என்னைவிட ஒரு முழம் உயரம். நெட்டையம்மா என்று மனசுக்குள் பெயர் வைத்திருக்கிறேன். நான் ஒரு வாரம் காட்டிக்கொடுத்ததை ஒரு காலையில் பிடித்துக்கொண்டு மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நல்ல ஆட்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கூடத்துச் சுவரில் கதவு உயரத்துக்கு உன் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். நாலாயிரத்து இருநூறு. உன் எண், அக்கா. பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அங்கே இருந்த மூன்று பிரஸில் இதைத் தேர்ந்தெடுத்ததே அந்த எண்ணைப் பார்த்துத்தான் என்று மேலாளர் சொன்னார். ஆனால் இந்தப் பெண்கள் தலைகீழாக நின்றும் இரண்டாயிரத்து எண்ணூறைத் தாண்டவில்லை. இடது கை இடது பொத்தானில் இருக்க, வலது முழங்கையால் வலது பொத்தானைத் தட்டுவாயே, அதையும் சொல்லிக்கொடுத்தேன். தோள் வலிதான் மிச்சம்.

மே 27 திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து எண்ணிப் பார்க்க வருகிறார்கள். எண் வராவிட்டால் பன்னிரண்டு பேரையும் அனுப்பிவிட்டு வேறு ஆள் எடுப்பார்களாம். எனக்கும் மூன்று வருஷ வேலை கிடையாது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். உன் கைப்பக்குவம் என்ன என்று ஒளிக்காமல் எழுது.

உன் தம்பி


மே 4

அன்புத் தம்பிக்கு,

கடிதத்தை அம்மாவுக்கு மூன்று தரம் படித்துக் காட்டினேன். கப்பல் பகுதியை மட்டும் நாலாவது தரமும் கேட்டாள். "அவ்ளோ பெருசு எப்பிடிடி மிதக்கும்? இவன் கதை விடுறான்" என்கிறாள்.

பக்குவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இடது காலை ஒரு சாண் முன்னால் வைத்து நிற்கச் சொல். தகடுகளை வலது பக்கம் இடுப்பு உயரத்தில் அடுக்கி வை. குனியவே கூடாது. மனசுக்குள் ஒரே சீராக எண்ணிக்கொண்டே அடிக்க வேண்டும். போகப் போக வந்துவிடும். என்னையே பெரிய இவளாக நினைத்துக்கொண்டு அந்தப் பெண்களை வாட்டாதே. எனக்குப் பத்தொன்பது வருஷம், அவர்களுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கூப்பிட்டுப் பேசினார்கள். சான்றிதழைப் பார்த்துவிட்டு அந்த மேற்பார்வையாளர் எழுந்தே நின்றுவிட்டார். "நாலாயிரத்து இருநூறா? கையா, மெஷினா?" என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். மாமாவுக்கு மருத்துவமனையிலிருந்து இன்னும் பதில் இல்லை. சட்டைப் பித்தான் ஒன்று அறுந்திருந்ததே, தைத்துக்கொண்டாயா?

உன் அக்கா


மே 15

அன்புள்ள அக்கா,

மாட்டிக்கொண்டாய்.

கால், இடுப்பு, எண்ணிக்கை எல்லாம் செய்து பார்த்தோம். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். நேற்று வேறு ஒரு வேலைக்காக மின்பெட்டியைத் திறந்தேன். வலது பொத்தானுக்குப் போகிற முனைகளில் இரண்டு திருகு மட்டும் பளபளவென்று இருந்தன. மற்றதெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி ரொம்ப நாள் இருந்து, சமீபத்தில் எடுபட்டிருக்கிறது. மாமா கை வேலை. எனக்குப் புரிய அரை மணி நேரம் பிடித்தது.

இரண்டு பொத்தானையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் இருக்காது, அதற்குத்தானே அந்த ஏற்பாடு. நீங்கள் கம்பியைப் போட்டு வலது பொத்தானைச் சும்மா ஆக்கிவிட்டீர்கள். முழங்கையால் தட்டியது ஒப்புக்கு. இடது கை அழுத்திக்கொண்டே இருக்க, வலது கை மட்டும் உள்ளே போய்த் தகடு வைத்துவிட்டு வெளியே வந்திருக்கிறது, இருநூறு டன் இறங்குகிற இடத்துக்குள். டீ இடைவேளையில் நீ வேலை செய்வதைப் பார்க்க வந்து நிற்போமே, அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எப்படி அக்கா? உனக்குப் பயம் என்பதே கிடையாதா? என்னிடமாவது சொல்லியிருக்கலாம் என்று கோபம் வந்தது. ஆனால் நினைக்க நினைக்க மலைப்புதான் மிஞ்சுகிறது.

சரி, வழி தெரிந்துவிட்டது. எண்ண வருகிற 27ஆம் தேதி காலை நானே கம்பியைப் போடப் போகிறேன். அதுவரை யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு நாள்தானே, ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறேன். நெட்டையம்மாவை நிறுத்தினால் போதும், அவள் கை வேகம் உன் கை மாதிரியே.

உன் தம்பி


தந்தி, மே 25

கம்பி போடாதே. கடிதம் வருகிறது. அக்கா.


மே 26

தம்பி,

உன் கடிதம் நேற்று மத்தியானம் கிடைத்தது. தபால் நிலையத்துக்கு ஓடினேன். தந்தி எழுதிக் கொடுத்தபோது அங்கிருந்தவர், "என்ன கம்பிம்மா? கட்டடம் கட்டுறீங்களா?" என்றார். பிறகு உன் கம்பெனிக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை, இன்று ஞாயிறு. நாளை காலை நீ மின்பெட்டியைத் திறப்பாய். இந்தக் கடிதம் வந்து சேரும்போது நடப்பது நடந்திருக்கும். தெரிந்தும் எழுதுகிறேன், வேறு என்ன செய்வது.

பொய் சொல்லிவிட்டேன். கால் முன்னே வை, இடுப்பு உயரம் என்று என்னென்னவோ அளந்தேன். வெட்கமாக இருக்கிறது.

போன வருஷம் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்களே, இங்கேயே வைத்துக்கொள்வதா, கடல் தாண்டிக் கொண்டுபோவதா என்று பார்க்க. அதற்கு முந்தின வாரம் நான்தான் மாமாவைக் கேட்டேன். அவர் முடியாது என்றார். நான் விடவில்லை. வேகமாகக் காட்டினால் இங்கேயே விட்டுவிடுவார்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சோறு என்றேன். அவர் போட்டார். நானும் இன்னும் இரண்டு பேரும் மூன்று ஷிப்டிலும் அப்படியே ஓட்டினோம். ஒரு வாரத்துக்கு என்று ஆரம்பித்தது பதினோரு மாதம் ஆயிற்று. எண்ணைக் குறைத்தால் ஏன் என்று கேட்பார்களே.

எனக்குப் பயம் கிடையாதா என்று கேட்டாய். ஆறாவது மாதம் ஒரு நாள் வலது கையை எடுக்கக் கண்ணிமைக்கிற நேரம் தாமதமாயிற்று. மேல்கோட்டின் கை நுனியை அச்சு பிடித்துக்கொண்டது. மேலே போனதும் எடுத்துப் பார்த்தேன். துணி காகிதமாகியிருந்தது. பிரேக் தகட்டில் விழுகிற நம்பர் அதில் தெளிவாக விழுந்திருந்தது. அதை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த தகட்டை எடுத்து வைத்தேன். மாமாவிடம்கூட மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை கை வெளியே வந்ததும் விரல் ஐந்தும் இருக்கிறதா என்று பார்ப்பேன். நான் தைரியசாலி இல்லை தம்பி. ஒரு நாளைக்கு நாலாயிரத்து இருநூறு தடவை பயந்தவள்.

அந்த எண்ணைப் பார்த்துத்தான் இந்தப் பிரஸைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நீ எழுதிய அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பிரஸை இங்கேயே பிடித்து வைத்துக்கொள்ள வேகம் காட்டி ஓடினோம். நாங்கள் ஓடியதைப் பார்த்துத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். இப்போது என் பொய்யைச் சுவரில் எழுதி, முன்பின் தெரியாத பன்னிரண்டு பேரை அதைப் போல ஓடச் சொல்கிறார்கள்.

கூடவே இருக்கிற தனித்தாளை உன் மேலாளரிடம் கொடு. எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். என் பெயரை மட்டும்தான் போட்டிருந்தேன். மருத்துவமனையில் மாமாவை எடுக்கப் போவதாக வெள்ளிக்கிழமைதான் சொல்லி அனுப்பினார்கள். பாதுகாப்பை அறுத்த எலக்ட்ரீஷியன் என்று தெரிந்தால் யார் எடுப்பார்கள்? காலையில் அவரே தாளை எடுத்துப் படித்தார். "கம்பி போட்டது நானு. உனக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியுமா? யார் நம்புவாங்க?" என்று சொல்லிவிட்டு என் கையெழுத்துக்குக் கீழே அவரும் போட்டார். இந்த மனிதரோடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், இவர் எவ்வளவு பெரிய ஆள் என்று இன்று காலைதான் பார்த்தேன்.

நாளை அந்த நெட்டையம்மாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. நான் யாரையும் இவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை.

அக்கா


தந்தி, மே 28

தந்தி இன்றுதான் கண்டேன். எல்லோர் கையும் நலம். தம்பி.


ஜூன் 9

அன்புள்ள அக்கா,

திங்கட்கிழமை நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். உன் தந்தி பூட்டிய அலுவலகத்தின் கதவடியில் கிடந்திருக்கிறது. நான் கம்பியைப் போட்டேன். ஆமாம், போட்டேன். மேலிடத்து ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். நெட்டையம்மாவுக்கு ஒரு கை போதும் என்று ஜாடையில் காட்டினேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமாக இல்லை, ரொம்பப் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு போய் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து வந்து, அதன் கட்டையை அச்சுக்குள் நீட்டிவிட்டு, இடது பொத்தானை மட்டும் அழுத்தினாள். அச்சு இறங்கியது. அவ்வளவு கனமான கட்டை, சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. உள்ளே போன பாகம் மரமாகவே இல்லை, சப்பையாய் ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் இருந்த மிச்சத்தை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்திலிருந்தவளும் கட்டிக்கொண்டாள். வரிசை முழுக்க, அக்கா, ஒவ்வொருத்தியாகக் கையைப் பின்னால் கொண்டுபோனார்கள். வேலை போகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். என் மின்பெட்டிச் சாவி கையிலிருந்து விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. கப்பலைப் பார்த்து மலைத்தேன் என்று எழுதினேனே, அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

நானே போய்க் கம்பியைக் கழற்றினேன். உங்கள் தாள் வந்ததும் மேலாளரிடம் கொடுத்தேன். மொழிபெயர்க்கிற பெண் வாசிக்க வாசிக்க அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மேலிடத்தில் இரண்டு நாள் பேசினார்கள். சுவரில் இருந்த எண்ணை அழித்து இரண்டாயிரத்து எண்ணூறு என்று எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டு பேரும் இருக்கிறார்கள். நான்தான் இல்லை. கம்பி போட்டவனை வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். நியாயம்தான், நான் வாதாடவில்லை. மாதக் கடைசியில் வருகிறேன்.

ஒன்றை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மேலாளர் சொன்னார், உண்மையான எண் முன்பே தெரிந்திருந்தால் இதை இங்கே கொண்டு வருவது கட்டுப்படியாகியிருக்காதாம். கொண்டு வந்திருக்கவே மாட்டார்களாம். இனித் திருப்பி அனுப்புவதும் நடக்காது. உன்னிடம் மறைத்து என்னால் இருக்க முடியாது.

நீ எழுதியதை அந்தப் பன்னிரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினார்கள். அந்தத் துணி இடத்தில் ஒருத்தி அழுதாள். மறுநாள் அந்தப் பெண்கள் இந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, உனக்கு அனுப்பச் சொன்னார்கள். பிரித்துப் பார்.

உன் தம்பி


ஜூன் 21

அன்புத் தம்பிக்கு,

மேலாளர் சொன்ன அந்த வரியை நாலு தரம் படித்தேன். அன்று முழுக்க எழுந்திருக்க முடியவில்லை. மறுநாள் கேன்டீன் அண்ணன் வீட்டுக்குப் போய் முதலில் அவரிடம் சொன்னேன். "நீ பண்ணலைன்னா வேற யாராவது பண்ணியிருப்பாங்கம்மா" என்றார். எல்லோரும் அவர் மாதிரி இல்லை. நம் கூடவே பன்னிரண்டு வருஷம் வெல்டிங் செய்தவள் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போய்விட்டாள். இன்னும் நிறையப் பேரிடம் சொல்ல வேண்டும், ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். மாமாவும் கூட வருகிறார். மருத்துவமனையில் அவர் தானாகவே சொல்லிவிட்டார், யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சான்றிதழைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். பெட்டிகளைக் கட்டுப் போடுகிற இடத்தில் இரண்டு மாதம் பார்க்கிறோம் என்றார்கள். திங்கட்கிழமை முதல் போகிறேன்.

பொட்டலத்தைப் பிரித்தேன். பன்னிரண்டு தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு கையையும் விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறார்கள். ஓர் எழுத்து இல்லை. மேசையில் இடம் போதாமல் கூடத்துத் தரை முழுக்கப் பரப்பினேன். எது அந்த நெட்டையம்மா கை என்று கேட்காமலே தெரிந்தது, தாளுக்கு வெளியே ஓடுகிறது. ஒவ்வொரு விரலாக எண்ணினேன், தம்பி. நூற்றிருபது இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

அம்மா உள்ளேயிருந்து வந்து, "என்னடி இது, வீடு பூரா கை?" என்றாள்.

"நம்ம பிரஸ்ல இப்ப வேலை பாக்கிறவங்கம்மா" என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு தாளும் மிதிபடாமல் ஓரமாகச் சுற்றி அடுக்களைக்குப் போனாள்.

உன் அக்கா